ஸ்டீரிங்குக்கு அடங்காத கார்

நேரான சாலை. காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் கார் தானாக இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஓட்டுபவர் ஸ்டீரிங்கைத் திருத்துகிறார்; உடனே அது வலப்பக்கம் சாய்கிறது. மீண்டும் திருத்துகிறார். எதிரே லாரி வருகிறது. பின் இருக்கையில் இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் என்றால் உங்கள் மனம் என்ன பாடுபடும்! "பழைய வண்டி அப்படித்தான் ஓடும்" என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியன்று, வாசகர்களே. வயது ஒரு நோயாகாது. தேய்ந்த உறுப்பே நோய்.

இதை விளக்க அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1960-களில் அந்நாட்டு இளைஞர்களை மயக்கியவை 'மசில் கார்' எனப்பட்ட வண்டிகள். நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எஞ்சினைப் பூட்டினால் அது மசில் கார். 1964-இல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ. காரில் 6.4 லிட்டர் எஞ்சின் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் விற்பனைக்கு வந்தது. முதல் ஓராண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. 4.7 லிட்டர் வி-8 எஞ்சின் பூட்டியவை அவற்றுள் பல. ஆனால், மஸ்டாங்கின் அடிப்பகுதியில் பெரும்பாலானவை ஃபால்கன் என்னும் சிக்கனமான குடும்பக் காரின் உறுப்புகளே. எளிய கால்களின் மேல் மல்லனின் உடம்பை வைத்ததுபோல் என்று சொல்லலாம். அறுபது ஆண்டுகள் கடந்த பின் அந்தக் கால்களில் உள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், மூட்டுகள் தேய்ந்திருக்கும். கார் தடுமாறுவதில் வியப்பென்ன?

முதலில் அடையாளம்

நோயின் காரணத்தை ஆராய்ந்த பிறகே மருந்து கொடு என்று வள்ளுவர் சொல்லவில்லையா? காருக்கும் அதுவே விதி. தடுமாற்றம் எல்லாம் ஒரே வகையன்று.

எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் டயரைச் சந்தேகியுங்கள். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயரே. பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கையும், கீழ்க் கையை முன்புறச் சட்டத்தோடு இணைக்கும் கம்பியின் ரப்பரையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் நடுங்கினால் சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டிருக்கலாம். எண்ணெயை அழுத்தும்போது ஒரு பக்கமும், காலை எடுக்கும்போது மறுபக்கமும் வண்டி நகர்ந்தால் முன்னால் தேடாதீர்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் ரப்பரும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் தளர்ந்திருக்கலாம். இடமும் வலமுமாக அலைந்தால், இணைப்புகளில் ஆட்டம் உண்டு. அல்லது சக்கரக் கோணம் தவறியிருக்கிறது.

பிறகு பரிசோதனை

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். நான்கு டயர்களின் காற்றையும் அளந்து பாருங்கள். அக்காலத்து மஸ்டாங்கில் இருந்தவை குறுக்கிழை டயர்கள். அவை சாலையில் உள்ள பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஓடும் குணமுடையவை. பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் வேறு குணமுடையது. ஒரே அச்சில் இவ்விரண்டையும் கலந்து பூட்டுவது ஆபத்து.

அடுத்து, வண்டி தரையில் நிற்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை உள்ளே அமர்த்தி ஸ்டீரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லுங்கள். ஸ்டீரிங் விளிம்பில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், சக்கரம் அசையாமல் ஸ்டீரிங் மட்டும் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கலாம். ஓர் அங்குலத்தை மிஞ்சினால் காரணத்தைத் தேட வேண்டும். நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். எந்த மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அதுதான் தேய்ந்தது. மஸ்டாங்கில் ஸ்டீரிங் பெட்டிக்கு எதிர்ப்பக்கம், இணைப்புக் கம்பியைத் தாங்கி நிற்கும் துணைக் கை ஒன்று உண்டு. அது மேலும் கீழும் ஆடினால் சக்கரங்கள் நேராக நிற்கா.

இனி சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. உறுதியான தாங்கி அவசியம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றுபோனால் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. மஸ்டாங்கின் ஸ்பிரிங் மேல் கையின் மீது உட்கார்ந்திருப்பதால், மேல் மூட்டின் தேய்மானத்தை அந்தப் பளு மறைத்துவிடும். ஆகவே மேல் கைக்கும் சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை ஒன்றைச் செருகிய பின் சட்டத்தில் தூக்கிப் பார்ப்பதே முறை.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீரிங் உள்ள மஸ்டாங்கில் இன்னொரு சோதனை உண்டு. முன் சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில், ஒருவரும் அருகில் கை வைக்காமல் எஞ்சினை முடுக்குங்கள். ஸ்டீரிங் தானாகத் திரும்பினால், இணைப்பில் உள்ள வால்வு நடுநிலை தவறிவிட்டது என்று பொருள்.

பெட்டியின் திருகு

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பலர் செய்யும் முதல் வேலை ஸ்டீரிங் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்குவதுதான். ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் உள்ளே சுழலும் குண்டுகளும் பற்களும் நெரிபட்டுச் சீக்கிரம் கெடும். வளைவில் திரும்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. ஓட்டுபவரே இழுத்து வர வேண்டியிருக்கும். அப்போது தடுமாற்றம் முன்னிலும் அதிகமாகும். மற்ற எல்லா மூட்டுகளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று உறுதியான பிறகே, ஸ்டீரிங்கைச் சரியாக நடுவில் நிறுத்தி, கைநூலில் சொன்ன அளவுக்கு மட்டும் அதைத் திருக வேண்டும்.

கடைசியில் கோணம்

சக்கரக் கோணம் பார்ப்பது கடைசி வேலை. தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு கோணம் திருத்துவது, ஆடும் ஏணியில் நின்று சுவருக்குக் கோடு போடுவதைப் போன்றது. சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். காரின் முன் சக்கரத்துக்கும் அத்தகைய சாய்வு உண்டு. குறுக்கிழை டயருக்காக மஸ்டாங்கில் மிகக் குறைந்த சாய்வே வைத்தார்கள். இன்று ரேடியல் டயர் பூட்டுவோர் 2 அல்லது 3 பாகை வரை கூட்டிக்கொள்கிறார்கள். அலைச்சல் பெரிதும் குறைகிறது. இரு சக்கரங்களும் முன்னால் சுமார் 3 மில்லிமீட்டர் உள்நோக்கி இருப்பதும் நேர் ஓட்டத்துக்கு உதவும். பந்தய ஓட்டக்காரர் கேரல் ஷெல்பி 1965-இல் உருவாக்கிய ஜி.டி. 350 மஸ்டாங்கில், மேல் கை பூட்டும் இடத்தை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். வளைவில் கார் தரையைப் பிடித்து ஓடியது. விலையுயர்ந்த உறுப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. துளையிட்ட இடம்தான் மாறியது.

"மஸ்டாங் நம் வீட்டில் இல்லையே" என்கிறீர்களா? உங்கள் தாத்தா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் கொட்டகையில் நிற்கலாம். அதில் ஸ்டீரிங் பெட்டி வேறு வகை, பற்சட்டம் கொண்டது. ஆனால் ஆபத்து அதிலும் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு மறையுள்ளது. அதற்குத் தவறாமல் கிரீஸ் போட வேண்டும். போடாவிட்டால் மறை தேய்ந்து, ஒரு நாள் சக்கரமே மடங்கிவிடும். ஒரு கிரீஸ் துப்பாக்கியும் கால் மணி நேரமும் இருந்தால் தடுக்கக்கூடிய விபத்து அது.

ஆகவே, வாசகர்களே, பழைய கார் வாங்க ஆசைப்படும் உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். எஞ்சினின் உறுமலைக் கேட்டு மயங்கும் முன், கீழே குனிந்து மூட்டுகளைப் பார்க்கட்டும். பட்டறைக்குப் போகும்போது, "ஸ்டீரிங் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எந்தப் பக்கம், பிரேக் போடும்போதா, வளைவிலா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகட்டும். பட்டறைக்காரருக்கு வேலை பாதியாகும். உங்கள் பணமும் மிஞ்சும். வேகமாக ஓடும் காரைவிட, சொன்ன பேச்சைக் கேட்கும் காரே நல்ல கார். பழுது தீரும்வரை அதில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.