ராஜா கேட்டும் வராத மாடுகள்!

தஞ்சாவூர் போனால் பெரிய கோயில். குழந்தைகள் நச்சரித்தால் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா. அப்புறம் பஸ் ஸ்டாண்டு. நம் வழக்கம் இதுதான். பூங்காவை ஒட்டி ஒரு பழைய சர்ச் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஆட்டோக்காரரிடம், "சுவார்ட்ஸ் சர்ச் போகணும்" என்றேன்.

"பூங்காகிட்டன்னு சொல்லுங்க சார், புரியும்!"

1779-ல் கட்டிய சர்ச் அது. கட்டியவர் கிறிஸ்தியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாவில் 1726-ல் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, திருச்சி வழியாகத் தஞ்சைக்கு வந்த பாதிரியார். சபையாருக்கு 'சுவார்ட்ஸ் ஐயர்'.

இந்த சர்ச்சின் வரலாற்றைத் தேடப் போனால் தலை சுற்றுகிறது. கட்டடம் தஞ்சாவூரில். இந்த மிஷனரிகளின் கடிதக் கட்டுகள் ஜெர்மனியில், ஹாலே நகரத்து ஆவணக் காப்பகத்தில். அவற்றில் பல அச்சானது லண்டனில். மராட்டிய அரண்மனைக் காகிதங்களோ மோடி எழுத்தில்! (அரசியல் இல்லை ஐயா, மராத்தியை மடமடவென்று எழுதுவதற்கான லிபி.)

அச்சான கடிதங்களைப் புரட்டியபோதுதான் அந்த நெல் சமாசாரம் சிக்கியது.

1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. காவிரிக் கரையெல்லாம் நாசம். தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியில் விழுந்து சாகிறார்கள். இத்தனைக்கும் கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்குக் கொண்டுவரத்தான் மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். ஏன்? முன்பு நெல் கொண்டுவந்தவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தைத் துபாஷிகள் அமுக்கிவிட்டார்கள். ராஜா சொல்லியும் வரவில்லை, கும்பினி சொல்லியும் வரவில்லை.

கடைசியில் துளஜா மகாராஜாவே, நம் இருவர் நாணயமும் போய்விட்டது, சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் சொன்னாராம். பாதிரியார் கிராமங்களுக்கு ஆள் அனுப்பினார். பணத்துக்குத் தன் பெயரில் உறுதி கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள்! எண்பதாயிரம் கலம் தானியம் உள்ளே வந்தது. வந்தவர்களுக்குக் கையோடு பட்டுவாடா செய்து, மேலே ஒரு சிறு வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். எத்தனை வயிறு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பி.காம். படித்தபோது 'குட்வில்' என்ற சொத்தை ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத் தஞ்சை கஜானாவில் அது சுத்தமாக நில்!

போர் ஓய்ந்தும் தொல்லை ஓயவில்லை. அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். பருவம் தப்பிக்கொண்டிருக்கிறது, வயல் தரிசாகக் கிடக்கிறது. மறுபடியும் அதே பாதிரியாரின் வாக்கு. ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் சுவார்ட்ஸ் தன் கைப்பட எழுதியது. எங்கள் வாத்தியார் பாஷையில் ஒற்றைப் பதிவுக் கணக்கு! மாடு ஓட்டி வந்தவர் எழுதிய வரி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எதிர்ப் பதிவு என்று பார்த்தால், சர்ச்சுக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ். அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. தஞ்சாவூரைப் பார்த்தே இராத லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்து, கப்பலில் வரவழைத்தது சரபோஜியே. பெரிய கோயில் சுவரில் 1803-ல் தன் வம்ச சரித்திரத்தை மராத்தியில் வெட்டி வைத்தாரே, அதே மன்னர்தான். சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13-ல் இறந்தார். தஞ்சையிலேயே பீட்டர் தேவாலயத்தில் இருக்கும் கல்லறைக்கு இங்கிலீஷில் கவிதை எழுதியதும் சரபோஜிதான். அதே வருஷம் அவருக்குப் பட்டம் கிடைத்தது. கிடைக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் இந்தப் பாதிரியார். ஆகவே ராஜாவின் சாட்சியிலும் கொஞ்சம் நன்றிக்கடன் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படிக்கலாம்.

கிராமத்துக்காரர்களின் சாட்சிதான் இன்னும் பாக்கி. டெல்டா பக்கம் பழைய மிராசு வீடு, கர்ணம் வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். பரணில் கணக்கு ஓலை, மக்கின நோட்டு ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சரஸ்வதி மகாலில் யாரிடமாவது காட்டுங்கள். அந்த ஆயிரம் மாட்டில் ஒரு ஜோடியாவது யாருடையது என்று தெரிய வேண்டாமா?