எல்லைக் கடற்கரையும் நாட்டுக் கால்பந்தாட்ட அணியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர் மாநில எல்லையை நன்கறிவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. அன்று பிரிந்த எல்லை இன்று ரேஷன் அட்டையிலும், பள்ளிப் பதிவேட்டிலும், பேருந்தின் பெயர்ப்பலகையிலும் தெரிகிறது. கடற்கரையில் மட்டும் அதனைக் காண்பது அரிது. பொழியூரிலிருந்து தெற்கு நோக்கி மணலில் நடப்பவர், கேரளம் முடிந்து நீரோடி தொடங்கிய இடம் எதுவென்று சொல்ல இயலாது. மாலை வேளையில் அந்த மணற்பரப்பெங்கும் சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பர்.

அந்தப் பந்து எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். நாட்டுக்காக ஆடும் அணி என்றால், அது நம் போன்ற குடும்பங்களுக்குத் தொடர்பில்லாத ஒன்று என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது.

வெறுங்காலுடன் ஒலிம்பிக் சென்றவர்

நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜூலை 31-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் போட்டியில் நம் கால்பந்தாட்ட அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் ஆட்டக்காரருள் பெரும்பாலோர் காலணி அணியாமல் ஆடினர். இரண்டு பெனால்டி உதைகளைத் தவறவிட்டும், 1-2 என்ற கணக்கில்தான் தோற்றனர். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் ராமன் என்பவர். திருவல்லா பாப்பன் என்று கேரள மக்கள் அன்புடன் அழைத்த தாமஸ் வர்கீசும் அவ்வணியில் இருந்தார்.

1951-இல் புதுடில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றோம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் மிகுந்த நாட்டில், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி அடைந்தோம். அத்தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, முடிவில் நான்காம் இடம் பெற்றோம். அவ்வாட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். 1962 செப்டம்பர் 4-ஆம் நாள் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று, ஆசியத் தங்கத்தை இரண்டாம் முறை பெற்றோம்.

அந்தச் சிறப்பு நிலைத்திருக்கவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. 1960-இல் ரோமில் ஆடியதற்குப் பிறகு, 2024 வரை நம் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. 2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று நாடுகளிடமும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது.

ஒரு ரூபாய் சைக்கிள்

ஜகார்த்தாவில் வென்ற அணியில் இருந்த இருவரை நம் வாசகர்கள் தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கோல்காவலர் பீட்டர் தங்கராஜ். மற்றொருவர் துளசிதாஸ் பலராம். இருவரும் ஹைதராபாத் பகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களிலே பிறந்தவர்கள். பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள்.

பலராம் 1936-இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் பிறந்தார். வறிய குடும்பம். பயிற்சி நடக்கும் திடலோ வெகுதொலைவு. சென்று வரக் காசில்லை என்று அவர் தயங்கியபோது, பயிற்சியாளர் ரஹீம் சைக்கிள் வாடகைக்கென்று நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார். இதனைப் பலராமே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அந்தப் பிள்ளைதான் 1960-இல் ரோம் நகரில், வலிமை வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

ரயில்வே எழுத்தரான நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. ரோமில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பி. கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே அணியின் ஆட்டக்காரர். 1958-இல் கல்கத்தா லீக் கோப்பையை அவ்வணி வென்றது. பலராமும் 1963-இல் ரயில்வேயைச் சார்ந்த அணியிலேயே சேர்ந்தார். மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பையை ரயில்வே அணி மூன்று முறை வென்றுள்ளது. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே ரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்தித்தான் கேரளம் அக்கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. அணித்தலைவர் மணி மூன்று கோல்களையும் தாமே அடித்தார். கேரளத்தில் வாழ்ந்து ரயில்வேயில் ஊதியம் பெறும் நம் போன்றோர், அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று இன்றும் முடிவு செய்ய இயலாமல் இருக்கிறோம்!

நம் கரையின் பிள்ளைகள்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியிலுள்ள பொழியூர் மீனவர் வாழும் ஊர். கேரள அணிக்குப் பல ஆட்டக்காரர்களை அளித்தமையால், அதனைச் சந்தோஷ் கோப்பை ஊர் என்றே அழைக்கின்றனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இந்தக் கரையின் இருபுறமும் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்பதை நாம் கூற வேண்டியதில்லை. அதற்கு நான்கு திங்களுக்குப் பின், 2018 ஏப்ரல் முதல் நாள், கல்கத்தாவில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரளமும் வங்காளமும் 2-2 என்று சமநிலையில் நின்றன. பெனால்டி உதைகளில் கேரளம் 4-2 என்று வென்றது. அந்த நான்கு உதைகளில் ஒன்றைக் கோலாக்கியவர் பொழியூர் சீசன்.

எல்லைக்கு அப்பால், குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இரையுமன்துறை என்னும் ஊர் உள்ளது. அங்கு 1994-இல் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். அவரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளையே. சென்னை சிட்டி அணியிலும் பின்னர் ஜாம்ஷெட்பூர் அணியிலும் ஆடிப் பெயர் பெற்றார். 2019 ஜூன் 5-ஆம் நாள், தாய்லாந்தின் புரிராம் நகரில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில், குராசோ நாட்டுக்கு எதிராக இந்தியச் சட்டை அணிந்து களமிறங்கினார். அன்று நம் அணி 1-3 என்று தோற்றது. மூன்று நாள் கழித்துத் தாய்லாந்தை 1-0 என்று வென்று மூன்றாம் இடம் பெற்றது.

பொழியூருக்கும் இரையுமன்துறைக்கும் இடையே சில கல் தொலைவே உண்டு. ஒருவர் கேரளத்துக்காகவும், மற்றவர் தமிழகத்தில் தொடங்கி நாட்டுக்காகவும் ஆடினர். மணல் இருவருக்கும் பொதுவாயிருந்தது.

பெற்றோரின் ஐயம்

“பந்து உதைத்தால் வயிறு நிறையுமா?” என்று நம் பெற்றோர் கேட்பர். கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து, வாடகை வீட்டில் நாளை எண்ணி வாழ்பவர் இவ்வாறு கேட்பதில் குற்றமில்லை. சூசைராஜின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 2020 நவம்பர் 20-ஆம் நாள், லீக் தொடரின் முதல் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருக்கு முழங்காலில் கடுங்காயம் ஏற்பட்டது. நெடுங்காலம் ஆட இயலாமற்போயிற்று. பின்னர் ஒடிசா அணியில் சேர்ந்து மீண்டும் ஆடினார். ஆடுகளத்தை மட்டுமே நம்புவது ஆபத்து. ஆகவே பள்ளிப் படிப்பை விடலாகாது என்பதே நம் முதற்கருத்து.

எனினும், மைதானத்திலிருந்து பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வருவதும் சரியன்று. ரயில்வே, காவல்துறை, வங்கி முதலிய இடங்களில் விளையாட்டு வீரருக்கென வேலைவாய்ப்பு உண்டு. ஆசிய மேடைவரை செல்லாத பிள்ளையும் அவ்வழியே ஒரு குடும்பத்தைத் தாங்கக்கூடும். இது பெண்மக்களுக்கும் பொருந்தும்.

நாம் செய்யத்தக்கவை

குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது திறமைக் குறைவன்று, தாள்தான். பிறப்புப் பதிவு தமிழகத்தில், பள்ளி கேரளத்தில்; ஒன்றில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறொரு எழுத்து. வயதுவாரியான போட்டிகளில் பிறப்புச் சான்றிதழ் இன்றி ஒருவரும் ஆட இயலாது. நாமறிந்த சிறுவன் ஒருவன், இரண்டு தாள்களிலும் தந்தை பெயர் ஒத்துவராத காரணத்தால், தேர்வு நடந்த திடலின் வாயிலிலிருந்தே திரும்பி வந்தான். பந்தை ஒருமுறை தொடக்கூட அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆகவே, பிள்ளை ஆடினாலும் ஆடாவிட்டாலும், சான்றிதழ்களில் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என்று அன்பர்கள் இன்றே பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். திருத்தத்துக்கு மனு எழுதத் தெரியாதோர் சங்கத்துக்கு வரலாம். எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

அடுத்தது காலணி. வளரும் பிள்ளைக்கு ஓராண்டில் காலணி சிறுத்துவிடும். சிறுத்ததை எறிந்துவிடாமல் சங்கத்தில் கொடுத்து வைத்தால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது உதவும். இதற்கென ஓர் அலமாரியை ஒதுக்குமாறு சங்கத்தின் நிருவாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது துணை. திருவனந்தபுரத்தில் தேர்வு நடக்கும் நாளில், பாறசாலையிலிருந்து பிள்ளையை ரயிலேற்றி அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு ஒரு நாட்கூலி இழப்பாகும். சங்கத்து அன்பர் ஒருவர் முறைவைத்து அழைத்துச் சென்றால் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒருங்கே சென்று வரலாம்.

பலராமுக்கு ரஹீம் கொடுத்தது நாளொன்றுக்கு ஒரு ரூபாய். அதனைக் கொடுக்க ஒருவர் இருந்தமையால் ஒரு தமிழ்ப் பிள்ளை ரோம் நகரம் வரை சென்றான். நம் ஊர்களில் பிள்ளைகள் இருக்கின்றனர், பந்தும் இருக்கிறது. சைக்கிள் வாடகையை நாம் சேர்ந்து கொடுப்போமாக.