இரண்டாம் ஆண்டில் பிரவேசம்

கரோல் பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து ராஜேந்திர பிளேஸ் வரையில் புசா ரோடு வழியாக நடந்து செல்கிறவருக்கு, தலைக்கு மேலே ரயில் ஓடிக்கொண்டிருக்க, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கும் மருத்துவப் படிப்புக்கும் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கும் பயிற்சி தருவதாகப் பறைசாற்றும் விளம்பரப் பலகைகளை எண்ணி மாளாது. அந்தப் பலகைகளில் எளிதில் இடம் பெறாத ஒரு வழி, அதே சாலையை ஒட்டிய புசா வளாகத்துப் பாலிடெக்னிக்கிலிருந்து புறப்பட்டு, சர்வகலாசாலையின் பி.டெக். வகுப்புக்குள், முதல் ஆண்டைத் தொடாமலே, நேராக இரண்டாம் ஆண்டில் போய்ச் சேருகிறது. ‘லேட்டரல் என்ட்ரி’ என்று டில்லியிலும், ‘நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை’ என்று தமிழ்நாட்டிலும் வழங்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி, பத்தாம் வகுப்புப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு கவலைப்படும் பெற்றோர் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தச் சாலையின் பெயரே இடம் மாறி வந்த பெயர் என்பதை இங்கே சொல்லிவிடலாம். பீகாரிலுள்ள புசா என்னும் கிராமத்தில் 1905-ஆம் ஆண்டு கர்சன் பிரபு காலத்தில் தோன்றிய விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனம், 1934 ஜனவரியில் நேர்ந்த பூகம்பத்தில் கட்டடம் இடிந்துபோகவே, 1936-இல் டில்லிக்குப் பெயர்ந்தபோது தன் ஊரின் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. இச்சாலைப் பகுதியில் தமிழர்களுக்கும் நெடுங்கால உறவு உண்டு. 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகிய அமைப்பின் பள்ளிகளில் ஒன்று புசா ரோடிலேயே நடைபெறுகிறது.

இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கு வந்தால், முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏனெனில் தவறான அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. பத்தாம் வகுப்பு, அதன்மேல் பிளஸ் டூ இரண்டு ஆண்டு, அதன்மேல் பி.டெக். நான்கு ஆண்டு, ஆகப் பதினாறு. பத்தாம் வகுப்பு, அதன்மேல் டிப்ளமா மூன்று ஆண்டு, அதன்மேல் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து படிக்கும் பி.டெக். மூன்று ஆண்டு, அதுவும் பதினாறுதான். டிப்ளமா படித்தால் ஒரு வருஷம் வீண் என்று சொல்கிறவர்களும், ஒரு வருஷம் மிச்சம் என்று சொல்கிறவர்களும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காதவர்களே. காலம் ஒன்றுதான், ஆனால் டிப்ளமா வழியில் வந்தவனிடம், நடுவில் குடும்பத்துக்குக் கஷ்டம் நேர்ந்து படிப்பு நின்றுபோனாலும், ஜூனியர் என்ஜினீயர் பதவிக்கு விண்ணப்பிக்கத் தக்க ஒரு சான்றிதழ் கைவசம் இருக்கும். பிளஸ் டூ முடித்துப் பி.டெக்.கை இரண்டாம் ஆண்டில் கைவிட்டவனிடம் அப்படி எதுவும் இராது.

பாலிடெக்னிக் என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்று முகம் சுளிப்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் இன்றும் மாறவில்லை. இந்த மனோபாவத்துக்கு நம்முடைய சரித்திரத்திலேயே ஆதரவு கிடையாது. சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் அவர்களைப் பொறியியல் வல்லுநர்களாக்கி டிப்ளமாவே வழங்கிற்று. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு வந்த அப்துல் கலாமும், பிற்காலத்தில் சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜனும் அந்தப் பக்கவாட்டு வாசல் வழியே வந்தவர்கள்தாம். அதற்கும் முந்தியது, 1920-இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திவந்த ஏ.எம்.ஐ.இ. பரீட்சை. பகலில் அலுவலகத்தில் வரைபடம் போட்டு, இரவில் பாடம் படித்து, அதில் தேறிப் பட்டதாரிக்குச் சமமானவர்கள் ஒரு தலைமுறையில் ஏராளம். 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்துகொண்டவர்களுக்கு அந்தச் சமநிலை கிடையாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டதால், உத்தியோகத்திலிருக்கும் டிப்ளமாக்காரருக்குப் பழைய பாதை ஒன்று அடைபட்டு, இரண்டாம் ஆண்டுப் பிரவேசம் இன்னும் முக்கியமாகிவிட்டது.

அமெரிக்காவில் இதற்கு நிகரான காரியத்தைச் செய்பவை ‘கம்யூனிட்டி காலேஜ்’ எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள். முதலாவது, 1901-இல் ஜோலியட் நகரில் ஏற்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 1960-இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், சர்வகலாசாலைகள் தங்கள் இடங்களில் நூற்றுக்கு அறுபதை மேல் ஈராண்டு வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்து, ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு நாற்காலி காலியாக இருக்கும்படி முன்கூட்டியே செய்துவிட்டார்கள். எந்தக் கல்லூரியின் எந்தக் கணிதப் பாடம் எந்தச் சர்வகலாசாலையின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதும் அங்கே யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பொது ஏடாக இருக்கிறது. நம் நாட்டிலும் 1995-இல் புதுச்சேரியில் தொடங்கிச் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. ஆனால் அவை, பள்ளியை விட்டு நின்றவர்களுக்குக் கைத்தொழிலும் வாழ்க்கைப் பயிற்சியும் தரும் நோக்கம் கொண்டவை. பொறியியல் பட்டத்துக்கு ஏற்றிவிடும் வேலை இங்கே பாலிடெக்னிக்குகளுடையது.

அமெரிக்க முறைக்கும் நம் முறைக்கும் உள்ள பேதம் ஒன்றை மட்டும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே பாடத்துக்குப் பாடம் எடைபோட்டு மாற்றுகிறார்கள்; இங்கே மூன்று ஆண்டு டிப்ளமாவை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு, பி.டெக். முதல் ஆண்டுக்கு ஈடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இது பெரிய சௌகரியம். ஆனால் அந்த முதல் ஆண்டில் மற்ற மாணவர்கள் என்ன படித்தார்கள், அதில் நமக்குத் தெரியாதது எது என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் வித்யார்த்தியின் தலையில் விழுகிறது.

அப்படித் தெரியாமல் போவது பெரும்பாலும் கணிதம். பாலிடெக்னிக்கில் கணிதம் அநேகமாக முதல் ஆண்டோடு அல்லது அதற்கடுத்த பருவத்தோடு முடிந்துவிடும். பிறகு பட்டறை, வரைபடம், பரிசோதனைச் சாலை, ப்ராஜெக்ட் என்று நாட்கள் ஓடுகின்றன. இரண்டு ஆண்டு கணிதத்தைத் தொடாமல் இருந்துவிட்டுச் சர்வகலாசாலைக்குள் நுழைந்தால், அங்கே பகுதி வகையீட்டுச் சமன்பாடும் ஃபூரியர் தொடரும் லாப்ளாஸ் உருமாற்றமும் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் ஏறிவிடுகின்றன.

ஓர் உதாரணத்தால் இதைத் தெளிவாகக் காட்டலாம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓர் உத்திரத்தின் நடுவில் பளுவை வைத்தால் உத்திரம் நடுவில் எவ்வளவு தாழும் என்பது, மெக்கானிகல் பிரிவிலும் சிவில் பிரிவிலும் டிப்ளமா மாணவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பளுவை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தால் பெருக்கி, மீட்சிக் குணகமும் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புதிறனும் 48-உம் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பரிசோதனைச் சாலையில் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, டயல் கேஜின் முள் நகர்வதைக் கண்ணால் பார்த்தும் இருப்பான். பி.டெக். வகுப்பில் உபாத்தியாயர் கேட்பது, அந்த 48 எங்கிருந்து வந்தது என்பது. வளைதிருப்புதிறனை எழுதி, வகையீட்டுச் சமன்பாட்டை அமைத்து, இரண்டு முறை தொகையீடு செய்து, முனைகளில் தாழ்வு பூஜ்யம், நடுவில் சரிவு பூஜ்யம் என்ற நிபந்தனைகளால் மாறிலிகளைக் கண்டுபிடித்தால் அந்த எண் தானாக வந்து நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ வழி மாணவன் டயல் கேஜைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவன். ஆனால் தொகையீடு அவன் கைக்குப் பழகியது. முதல் பருவத்துப் பரீட்சையில் அவன் முந்துவதும், பட்டறைக்கும் ப்ராஜெக்டுக்கும் வரும்போது டிப்ளமாக்காரன் முந்துவதும் இதனால்தான்.

ஆகவே பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் பருவத்திலேயே, எந்தச் சர்வகலாசாலை என்று உத்தேசமாகத் தீர்மானித்து, அதன் பி.டெக். முதல் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு, தன் பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் வகையீடு, தொகையீடு, வெக்டர், நிகழ்தகவு ஆகிய பகுதிகளை விடுமுறைகளில் சொந்தமாகப் போட்டு முடித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, இப்படிப் பலவிதப் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்குச் சர்வகலாசாலைகள் இணைப்புப் பாடங்கள் நடத்த வேண்டும் என்று சொல்லித்தான் இருக்கிறது; எனினும் அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனமாகாது.

நிபந்தனைகள் கடினமானவை அல்ல. டிப்ளமாவில் நூற்றுக்கு 45, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 மதிப்பெண் என்பது அகில இந்தியக் குழுவின் குறைந்தபட்ச வரம்பு. அது தகுதிக்கு மட்டுமே போதும், நல்ல கல்லூரிக்குப் போதாது. டில்லியில் 1998-இல் தோன்றிய குரு கோபிந்த் சிங் இந்திரபிரஸ்த சர்வகலாசாலை, டிப்ளமாக்காரர்களுக்கென்றே தனி நுழைவுத் தேர்வு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படித் தேர்வு கிடையாது. டிப்ளமா மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை தயாரித்து, கலந்தாய்வு நடத்துகிறார்கள். காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி பல ஆண்டுகள் இந்தக் கலந்தாய்வை நடத்தி வந்தது. டில்லியை நம்புகிறவன் மூன்றாம் ஆண்டில் தேர்வுக்குத் தயாராக வேண்டும். தமிழ்நாட்டை நம்புகிறவன் ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். முதலிலேயே திசையைத் தீர்மானிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஐ.ஐ.டி.க்களில் இரண்டாம் ஆண்டு வாசல் கிடையாது. மூன்று ஆண்டு டிப்ளமாவை ஜே.இ.இ. தேர்வுக்குப் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்றாலும், அப்படிச் சேருகிறவன் முதல் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மொத்தம் பதினேழு ஆண்டாகிவிடும். புசா பாலிடெக்னிக் உட்பட டில்லி அரசின் பாலிடெக்னிக்குகள், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட டில்லி திறன் மற்றும் தொழில்முனைவோர் பல்கலைக்கழகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டபின், டிப்ளமாவும் பட்டமும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

டில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு விசேஷ அனுகூலம் இருக்கிறது. இந்திரபிரஸ்த சர்வகலாசாலை தன் இடங்களில் நூற்றுக்கு 85-ஐ டில்லிக்கென்று ஒதுக்குகிறது. அதற்கு விண்ணப்பதாரர் தகுதித் தேர்வை டில்லிக் கல்விக்கூடத்தில் முடித்தாரா என்றுதான் பார்க்கிறார்களே தவிர, தகப்பனார் எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டிலோ வெளிமாநிலத்தில் படித்தவரிடம் பூர்வீகத்தைக் கேட்கிறார்கள். எனவே புசாவில் டிப்ளமா முடித்த தமிழ்ப் பிள்ளை இரண்டு வாசல்களிலும் நிற்கலாம். ஆனால் இரண்டாவது வாசலுக்கு வேண்டிய இருப்பிடச் சான்றிதழ் தகப்பனாரின் சொந்தத் தாலுகாவிலிருந்து வர வேண்டியது. முப்பது வருஷத்துக்கு முன் ஊரை விட்டு வந்தவர், தம் பெயரும் தம் தந்தையார் பெயரும் பழைய ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், ஆதாரில் மூன்றாம் விதமாகவும் இருப்பதை அப்போதுதான் கண்டுபிடிப்பார். கலந்தாய்வு அறிவிப்பு வெளியானபின் விண்ணப்பிப்பதற்குச் சில வாரங்களே கிடைக்கும் ஆதலால், பையனோ பெண்ணோ ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போதே, தீபாவளிக்கு ஊருக்குப் போகிற சாக்கில், அந்தக் காகிதங்களைச் சரிசெய்து வாங்கி வைத்துவிட வேண்டும்.