எங்கே நடப்பது, எப்படி ஓடுவது? கவரைப்பேட்டைச் சுற்றுவட்டார மக்களுக்கு ஒரு வழிகாட்டி

"நாள்தோறும் நடந்து வாருங்கள்" என்று மருந்துச் சீட்டின் அடியில் எழுதித் தருவது எங்களுக்கு எளிது. கவரைப்பேட்டை, புதுவாயல், கும்மிடிப்பூண்டி பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு விடை கூறுவதுதான் கடினம். "எங்கே நடப்பது, டாக்டர்? வீட்டை விட்டு இறங்கினால் லாரிதானே வருகிறது?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை கிடைக்காததால் நடைப்பயிற்சியையே கைவிட்டவர்கள் பலர். இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திய தந்தையைச் சாலை விபத்துக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாதுகாக்கும் பிள்ளைகளை அடிக்கடி காண்கிறோம். அந்த அன்பு ஆறு மாதங்களில் அவருடைய கால் தசைகளை மெலியச் செய்துவிடுகிறது. சர்க்கரையின் அளவையும் ஏற்றிவிடுகிறது. ஆகவே, மருந்தைத் தேர்ந்தெடுப்பதுபோலவே நடக்கும் பாதையையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

நடை ஏன் மருந்தாகிறது?

லண்டன் நகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெரமி மோரிஸ், 1953-இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே ஏற்பட்டது.

நம் சென்னையிலும் ஒரு சான்று உண்டு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. உணவுக் கட்டுப்பாடும், நாளொன்றுக்கு அரைமணி நேர விறுவிறுப்பான நடையும் அறிவுறுத்தப்பட்டவர்களிடையே, நீரிழிவு ஏற்படும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை அளித்த பயனும் ஏறத்தாழ அதே அளவுதான்.

"தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறேனே, அது போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. ஓரிடத்தில் நிற்பது கால்களுக்குக் களைப்பைத் தரும், இதயத்திற்குப் பயிற்சியாகாது. மூச்சு சற்று விரைவாக வாங்கும்படி, வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் உடல் இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாட்கள் நடந்தால் இந்த அளவு நிறைவேறிவிடும்.

தவிர்க்க வேண்டிய இரு பாதைகள்

முதலாவது, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையின் ஓரம். விடியற்காலை இருளில், உறக்கக் கலக்கத்துடன் ஓட்டிவரும் ஓட்டுநரின் கண்ணுக்கு நடப்பவர் தெரிவதில்லை. மேலும், நடக்கும்போது நாம் அதிகமாகக் காற்றை உள்ளிழுக்கிறோம். லாரிப் புகையும் அதனுடன் சேர்ந்தே உள்ளே செல்லும். ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ளவர்களுக்கு இது இரட்டைத் தீங்கு.

இரண்டாவது, இருப்புப்பாதை. சென்னை–கூடூர் தடத்தில் மின்சார இரயில்களும் விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. வேகமாக வரும் வண்டி, பிரேக் போட்ட பின்னும் பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். செவித்திறன் குறைந்த முதியவர்களுக்கும், காதில் பாட்டுக் கேட்டபடி ஓடும் இளைஞர்களுக்கும் அது வரும் ஓசை கேட்காது. தண்டவாளத்தில் நடப்பது இரயில்வே சட்டப்படி குற்றமுமாகும்.

ஏற்ற பாதைகள்

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நம் பகுதி வயல்களும் ஏரிகளும் நிறைந்த நாடு. ஆரணியாறு பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியைச் சென்றடைகிறது. ஊருக்கு ஊர் ஏரிக்கரையும், வயலுக்குச் செல்லும் வண்டிப்பாதையும், போக்குவரத்து குறைந்த சிற்றூர்ச் சாலையும் உள்ளன. மண் பாதையில் நடப்பது பலருக்கு முழங்காலுக்கு இதமாக இருக்கும்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு செய்திகளைக் கவனியுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை குடும்பத்தினருடன் நடந்து பார்த்து, பள்ளம், மதகு, நாய்கள் கூடும் இடம் ஆகியவற்றை அறிந்துகொள்ளுங்கள். கைப்பேசித் தொடர்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். இடையில் அமர ஓரிடம் இருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வந்து சேரக்கூடிய வழியும் இருக்க வேண்டும்.

இதய நோயாளிகள் இரண்டு கிலோமீட்டர் நேராகச் சென்று திரும்புவதைவிட, வீட்டருகே அரை கிலோமீட்டர் சுற்றை மீண்டும் மீண்டும் நடப்பதே நன்று. களைத்தால் வீடு அருகில் இருக்கும். தனியே ஏரிக்கரைக்குச் செல்லப் பெண்கள் தயங்குவது இயல்பே. அண்டை வீட்டாரோடு மூவர் நால்வராகச் செல்லலாம். அனுமதி பெற்றுப் பள்ளி மைதானத்தையும் பயன்படுத்தலாம். சாலையில் நடக்க நேர்ந்தால், எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலப்புறமாக, வெளிர் நிற உடையில் செல்லுங்கள்.

நடையிலிருந்து ஓட்டத்திற்கு

முதல் இரு வாரங்கள் 10 முதல் 15 நிமிடங்கள் வரை நடந்தால் போதும். பின்னர் வாரந்தோறும் ஐந்து நிமிடங்கள் கூட்டி, அரைமணி நேரத்தை எட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். அரைமணி நடை எளிதான பிறகு, ஓட விரும்புவோர் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செய்யலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் ஓட்டத்தைத் தொடங்குமுன் எங்களிடம் கலந்தாலோசிக்க வேண்டும். விழித்திரை பாதிப்போ காலில் ஆறாத புண்ணோ உள்ளவர்கள் ஓடுதல் கூடாது.

இரவுப் பணி முடித்துத் திரும்புவோர் உடனே ஓடச் செல்ல வேண்டாம். உறங்கி எழுந்து, மாலை வெயில் தணிந்த பின் நடப்பது பாதுகாப்பானது. சித்திரை, வைகாசி மாதங்களில் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலராது. உடல் எளிதில் சூடேறும். அக்காலத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மார்கழிப் பனியில் புகை தரையோடு தங்குவதால், ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு செல்லலாம்.

சர்க்கரை நோயாளிகளின் கவனத்திற்கு

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை தாழக்கூடும். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்காதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை வைத்திருங்கள். கை நடுக்கமும் வியர்வையும் தலைச்சுற்றலும் வந்தால் அமர்ந்து அதனை உண்ணுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு உண்ணுங்கள்.

வெறுங்காலுடன் வரப்பில் நடப்பது நம் வழக்கமாயினும், உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியதே தெரியாது. மூடிய காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். காலில் வெடிப்பு இருக்கும்போது மழைக்காலச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவ அது வழியாகும்.

பாம்பும் நாயும்

புதர் மண்டிய கரையில் இருட்டில் டார்ச் விளக்கின்றிச் செல்லாதீர்கள். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். நாய் கடித்தால் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே தடுப்பூசி போடத் தொடங்குங்கள்.

உடனே நிற்க வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் நின்றுவிடுங்கள். "வாயுத் தொல்லையாக இருக்கும்" என்று எண்ணி வீடு வரை நடந்துவிட முயலாதீர்கள். அமர்ந்து, 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியைத் தடுப்பதற்குப் பதிலாக, முதல் ஒரு மாதம் உடன் நடந்து வாருங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், நடந்த நிமிடங்கள், உடல்நிலை ஆகியவற்றை எழுதி, அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். எந்தப் பாதையில் நடக்கிறீர்கள் என்பதையும் கூறுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவைப் போலவே அதையும் பார்த்து, உங்களுக்கேற்ற நடையின் அளவை நாங்கள் வகுத்துத் தருவோம்.