வைக்கோலுக்குள் இவ்வளவு வித்தையா?!

மாட்டுக்குப் போடுகிறோம், காளான் வளர்க்கிறோம், மிஞ்சியதை வயலிலேயே கொளுத்தியும் விடுகிறோம். அதே வைக்கோலைக் காய்கறிப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பினால் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

பெரிய மழைத்துளி மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் வந்து மோதுகிறது! வெறும் மண்ணாக இருந்தால் மண்துகள்கள் 2 அடி உயரம் எகிறி, 5 அடி தள்ளிப் போய் விழும்! தக்காளியின் அடி இலைகளில் கருகல் நோய் முதலில் தலைகாட்டுவது ஏன், தெரியுமா? மண்ணில் கிடக்கும் பூஞ்சை வித்துகள் இந்தத் தெறிப்போடு இலையேறிவிடுவதும் ஒரு காரணம். நான்கு விரற்கடை வைக்கோல் இருந்தால் துளியின் வேகம் அங்கேயே அடங்கிவிடும்!

ஏர் ஓட்டாமல், மண்வெட்டி பிடிக்காமல் 90 வயதைத் தாண்டியும் தோட்டம் போட்ட பாட்டியைத் தெரியுமா? பெயர் ரூத் ஸ்டவுட். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ரெடிங் என்ற ஊர். 1944 வசந்த காலம். உழவு ஓட்ட வேண்டியவர் வரவில்லை. பாட்டியின் பார்வை அஸ்பாரகஸ் பாத்தி மேல் விழுந்தது. ஆண்டுதோறும் உழாமலேயே முளைக்கிறதே! இதற்கு வேண்டாத உழவு மற்ற விதைகளுக்கு மட்டும் எதற்கு? அன்றோடு உழவை விட்டார்! மழையில் நனைந்து மாட்டுக்கு ஆகாமல் போன உலர்புல்லை 8 அங்குல கனத்துக்குத் தோட்டம் முழுக்கப் பரப்பினார். 50க்கு 50 அடித் தோட்டத்துக்கு அவர் சொன்ன கணக்கு என்ன தெரியுமா? குறைந்தது 25 கட்டு, கட்டுக்கு 50 பவுண்டு! விதைக்கிழங்கைக் குழி தோண்டாமல் தரைமேல் வைத்துப் புல்லைப் போட்டு மூடினார். அறுவடையும் அப்படித்தான், புல்லை விலக்கினால் உருளைக்கிழங்கு! 16 வயதிலேயே, சாராயக்கடைகளைக் கோடரியால் உடைத்த கேரி நேஷனோடு சேர்ந்து கடை உடைக்கப் போனவராம் இவர்! 1980இல் இறந்தபோது வயது 96!

மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்திலும் நெல் அறுத்த ஈர வயலில் உழாமலேயே உருளை வைத்து வைக்கோல் மூடுகிறார்கள். வெயிலில் நீர் ஆவியாவது குறைவதால், அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறுவதும் குறைகிறது! உப்பு மண்ணில் உருளைக்கிழங்கு!

ஜப்பானின் இயற்கை உழவர் மசனோபு ஃபுகுவோகா வைக்கோலை ஒழுங்காகப் பரப்பவே கூடாது என்றார், தெரியுமா? ஒரே திசையில் நெருக்கி அடுக்கினால் முளை மேலே வர வழியிருக்காது. குறுக்கும் நெடுக்குமாக வீச வேண்டும்! இயற்கை வேளாண்மை பற்றிய அவருடைய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ நூல் 1975இல் வெளிவந்தது. 1988இல் மகசேசே விருது! அந்த நூல் தமிழிலும் கிடைக்கிறது, அவசியம் படியுங்கள்.

நெற்பயிர் உறிஞ்சும் சாம்பல் சத்தில் 80 முதல் 85 சதவீதம் எங்கே தங்குகிறது? நெல்மணியில் அல்ல, வைக்கோலில்! கொளுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அசுவினியை வைக்கோல் குழப்பிவிடும், தெரியுமா? கருத்த மண்ணுக்கு நடுவே பச்சையைத் தேடித்தான் அது இறங்குகிறது. பளிச்சென்ற வைக்கோல் விரிப்பில் அதற்கு இலக்குத் தப்புகிறது! அடியிலோ சிலந்திகளும் தரைவண்டுகளும் காவலுக்குக் குடியேறிவிடும்!

உலர்புல்லை ஊறவைத்துக் கொதிக்கவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் ஒன்று உண்டு! கொதியிலும் அது தப்புவதை 1876இல் நுண்ணுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் கண்டறிந்து சொன்னார். அதுதான் பேசில்லஸ் சப்டிலிஸ். இன்று பயிர் நோய்களைத் தடுக்கக் கடையில் வாங்குகிறோமே, அதேதான்!

கலிபோர்னியாவில் காட்டுத்தீ அணைந்த மலைச்சரிவுகளில் மண் அரிக்காமலிருக்க ஹெலிகாப்டரில் வைக்கோலைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்!

ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோதுமை வைக்கோலில் கார்பனும் தழைச்சத்தும் ஏறக்குறைய 80க்கு 1. நுண்ணுயிர்களுக்குத் தோதானது 24க்கு 1! வைக்கோலை மண்ணுக்குள் புதைத்தால் பற்றாக்குறைக்கு அவை மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். அதனால் மேலேதான் கிடக்க வேண்டும். இன்னொன்று, 2008இல் பிரிட்டனில் பலருடைய தக்காளி இலைகள் சுருண்டன. காரணம், புல்வெளியில் அடித்த களைக்கொல்லி! புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றைத் தாண்டி, சாணத்திலும் அது சிதையாமல் இருந்து, எருவோடு தோட்டத்துக்கு வந்துவிட்டது!

வைக்கோலிலும் இதே ஆபத்து உண்டு; எனவே மருந்து அடிக்காத வயலின் வைக்கோலாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் விட்டபின், தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கத்தரிப் பாத்தியில் பாதிக்கு மட்டும் போடுங்கள். நான்கு நாள் கழித்து இரண்டு பக்கமும் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்!