வினா ஒன்று, பொருள் வேறு

நேசிப்பவர் விட்டுப் போய்விடுவாரோ என்று அடிக்கடி அஞ்சுகிறீர்களா? வளர்ந்தோரின் உறவுப்பற்றை அளக்கும் உளவியல் வினாக்கொத்துகளில் இத்தகைய கேள்வி இடம்பெறுவதுண்டு. 'ஆம்' என்ற விடை உறவுப் பதற்றமாகக் கணக்கிடப்படும். 1990 இல் கணவரைக் காணாமற்போகக் கொடுத்த மட்டக்களப்புப் பெண்மணி ஒருவர் 'ஆம்' என்றால் அதுவும் அதே பதற்றந்தானா?

பிரெனன், கிளார்க், ஷேவர் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட 36 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையே உருவானது. பதற்றம், விலகல் என்ற இரண்டையும் அது அளக்கிறது. பிற குழுவினரிடம் பயன்படுத்துமுன், ஒரே அளவு பதற்றமுள்ள இருவர், எக்குழுவினராயினும், ஒரு கூற்றுக்கு ஒரேவிதமாக விடையளிக்கிறார்களா என்று சோதித்தல் வேண்டும். மரைக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறினால் நெற்கணக்கு என்னாவது?

வாவியின் இரு கரைகளிலும் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கிடைப்பதும், மணமகன் அங்கு குடிபுகுவதும் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் உள்ள வழக்கம். தாயும் சகோதரிகளும் பெரும்பாலும் அயலிலேயே இருப்பர். கணவரிடம் எதற்கும் தங்கியிருப்பதில்லை என்று அப்பெண் கூறுவது விலகலன்று. அவள் வாழும் வீட்டின் அமைப்பு அத்தகையது.

நுவன் ஜயவிக்ரம முதலியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், போர் பாதித்த மக்கள் கூறிய பிரச்சினைகளிலிருந்தே உருவாக்கிய வினாக்கொத்து, மொழிபெயர்த்த வினாக்கொத்துகள் தவறவிட்ட அன்றாட இடர்ப்பாடுகளையும் விளக்கியது. அது மனவடு, மனச்சோர்வு பற்றியது. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளையை இழந்தவரையும் மதுப்பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுபவரையும் ஒரே புள்ளிவரிசையில் நிறுத்துமுன், உறவுப்பற்று வினாக்கொத்துகளுக்கும் அத்தகைய சோதனை நடைபெற வேண்டும்.