சோற்றை விட்ட மூன்றாம் நாள் தலைசுற்றுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு விருந்தில் பேச்சு வருகிறது. "நான் சோற்றை விட்டு ஒரு மாதம் ஆகிறது, ஐந்து கிலோ இறங்கிவிட்டது" என்கிறார் மாமா. கேட்டவர் அங்கேயே முடிவெடுக்கிறார்: நாளை முதல் சோறு இல்லை, தோசை இல்லை, ரொட்டி சானாய் இல்லை, மீ இல்லை.

திங்கட்கிழமை உற்சாகமாகப் போகிறது. செவ்வாய்க்கிழமை மாலை தலை வலிக்கிறது. புதன்கிழமை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. காரணமில்லாமல் கோபம் வருகிறது, மலம் சரியாகப் போவதில்லை, வாயில் ஒருவித வாடை.

மாமாவிடம் கேட்டால், "உடம்பில் உள்ள நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்" என்கிறார். அம்மாவிடம் கேட்டால், "சோறு இறங்காத உடம்பு வேறு எப்படி இருக்கும்?" என்கிறார். இரண்டும் சரியான பதில் அல்ல. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை எளிய காரணங்களால் வருபவை, எளிய வழிகளிலேயே தீர்பவை. ஆனால் இனிப்புநீருக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து சாப்பிடுபவருக்கு அதே தலைசுற்றல் ஆபத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அவர் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இது நம் சமூகத்திற்கு ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார, நோய்ப்பாங்கு ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். சோற்றைக் குறைக்க நினைப்பவர்களில் பலர் ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

குளூட்டன் வேறு, தானியம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவு இழுபடுவதற்கும் ரொட்டி மெத்தென்று இருப்பதற்கும் அதுதான் காரணம். அரிசியில் குளூட்டன் இல்லை. கேழ்வரகு, கம்பு, தினை, சோளம் ஆகியவற்றிலும் இல்லை. ஆகவே, குளூட்டனை மட்டும் விட வேண்டியவர் சோறு, இட்லி, சாதாரணத் தோசை, புட்டு, இடியப்பம், மீஹூன் எல்லாம் சாப்பிடலாம். விட வேண்டியவை சப்பாத்தி, பரோட்டா, ரொட்டி சானாய், ரவை, மஞ்சள் மீ, பிஸ்கட் முதலியவை.

கண்ணுக்குத் தெரியாமல் கோதுமை ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. பல கிச்சாப் வகைகளில் கோதுமை சேர்க்கப்படுகிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லாத் தானியங்களையும் விடுவது வேறு விஷயம். பேலியோ, கீட்டோ என்று சொல்லப்படும் முறைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மாவுச்சத்து திடீரென்று பெரிதாகக் குறைகிறது. மேலே சொன்ன தலைவலியும் தலைசுற்றலும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான் வருகின்றன. கோதுமையை மட்டும் விட்டு வழக்கம்போல் சோறு சாப்பிடுபவருக்கு இவ்வளவு தொல்லை வருவது அரிது.

முதல் வாரத்தில் உடம்புக்குள் நடப்பது

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. பெரியவர் ஒருவரிடம் சுமார் 400 முதல் 500 கிராம் வரை இப்படிச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் இந்தக் கையிருப்பு கரைகிறது, அதனுடன் தண்ணீரும் சிறுநீராக வெளியேறுகிறது. முதல் வாரத்தில் தராசு காட்டும் இரண்டு கிலோ இறக்கத்தில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றுகிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்து குறைவதால் இரத்த அழுத்தம் சற்று இறங்கும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதற்கும், தலைவலிக்கும், சோர்வுக்கும் முக்கியக் காரணம் இதுவே.

மூளை வழக்கமாகச் சர்க்கரையை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. அது குறையும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கிறது. இந்த மாற்றத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை மந்தமும் எரிச்சலும் இருக்கும். வாயில் வரும் வாடையும் கீட்டோனால் வருவதுதான். இதில் நச்சு எதுவும் வெளியேறவில்லை. நச்சுகளை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாம் சோறு சாப்பிடும்போதும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

எந்தத் தொல்லைக்கு என்ன செய்வது?

தலைவலி: சோற்றோடு சேர்த்துத் தே தாரேக்கையும் கோப்பியையும் நிறுத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால், கஃபீன் இல்லாத குறையால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி, ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். பழி சோற்றின் மீது விழும், காரணம் தேநீராக இருக்கும். சீனி, பால் இல்லாத தே ஓ கோசோங் ஒரு குவளை குடித்தால் இது தணியும்.

தலைசுற்றல், சோர்வு: தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். வேறு நோய் இல்லாதவர் ஒரு கிண்ணம் உப்புப் போட்ட ரசமோ சூப்போ சேர்த்துக்கொள்ளலாம். படுக்கையிலிருந்து உடனே எழாமல், சற்று உட்கார்ந்து பிறகு எழுங்கள். "உப்பைக் கூட்டுங்கள்" என்று இணையத்தில் வரும் ஆலோசனை எல்லாருக்கும் பொருந்தாது. இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரும் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

கால் பிடிப்பு: தண்ணீரும் தாது உப்புகளும் குறைவதால் வரலாம். கீரை, வெண்டைக்காய், நிலக்கடலை, தயிர் ஆகியவற்றைச் சேருங்கள். தூங்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்கிப் பழகுங்கள்.

மலச்சிக்கல்: தானியத்தோடு நார்ச்சத்தும் போய்விடுவதால் வருகிறது. சோறு இருந்த இடத்தில் கோழியையும் முட்டையையும் மட்டும் வைத்தால் வயிறு இறுகத்தான் செய்யும். தட்டில் பாதியைக் கங்கோங், முருங்கைக்கீரை, புடலங்காய், முட்டைக்கோஸ், பயற்றங்காய் நிரப்பட்டும். தானியத்தை விடுகிறவர் பருப்பையும் விட வேண்டும் என்று கட்டாயமில்லை. சாம்பாரும் சுண்டலும் வயிற்றுக்குத் துணை.

வயிற்றுப்போக்கு, குமட்டல்: சோற்றுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பாலையும் எண்ணெயையும் ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு தாங்காது. குறைத்தால் சரியாகிவிடும்.

இவை பொதுவாக ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, எடை நிற்காமல் குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அது உணவு மாற்றத்தால் வந்தது என்று விட்டுவிடாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

மருந்து சாப்பிடுபவர் கவனிக்க வேண்டியது

ஓர் உதாரணம் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறார். வழக்கம்போல் இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். வழக்கமான பசியாறலுக்குப் பதிலாக இரண்டு முட்டை மட்டும் சாப்பிடுகிறார். பத்து மணி வெயிலில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. "சோறு சாப்பிடாததால் வரும் மயக்கம், போகப் போகப் பழகிவிடும்" என்று நினைத்து வேலையைத் தொடர்கிறார். உண்மையில் அவருடைய இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். கையில் இருப்பதோ நீண்ட கம்பில் கட்டிய அரிவாள்.

கிளிக்லஸைட், கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் ஆகிய மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுப்பதுதான் ஆபத்து. மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து குறைவு.

நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். அளவு 4க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சோதிக்கக் கருவி இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் பத்தியம் பார்க்கக் கூடாது. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 999ஐ அழையுங்கள்.

எம்பாகிலிஃப்லோசின், டாபாகிலிஃப்லோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இம்மருந்தோடு மாவுச்சத்தைப் பெரிதாகக் குறைத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அதிகச் சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். இது மருத்துவமனையில் பார்க்க வேண்டிய அவசரம்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு, முக்கியமாகத் தண்ணீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். அதற்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. நோன்பு மாதத்துக்கு முன்பு முஸ்லிம் நோயாளிகளுக்கு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பது நம் நாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமான வேலை. அதே உதவியை நாமும் கேட்கலாம். "டாக்டர், நான் சோற்றைக் குறைக்கப் போகிறேன், மருந்தை மாற்ற வேண்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும். முதல் வகை இனிப்புநீர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது.

பரிசோதனை முதலில், பத்தியம் பிறகு

கோதுமை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, அடிக்கடி பேதியாகிறது, இரத்தசோகை தீருவதே இல்லை என்பவர்களுக்கு சீலியாக் என்ற நோய் இருக்கலாம். குளூட்டனுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் நோய் இது. இதைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, குளூட்டனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவைக் காட்டும். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். சீலியாக் உள்ளவர் வாழ்நாள் முழுவதும் சிறிதளவு கோதுமையும் சாப்பிடக் கூடாது என்பதால், இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

படிப்படியாகக் குறைப்பது

நோய்க்காக அல்லாமல் எடைக்காகவும் சர்க்கரைக்காகவும் குறைப்பவருக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டிய தேவை இல்லை. முதல் வாரம் சீனி போட்ட பானங்களையும் பிஸ்கட், குவே வகைகளையும் விடுங்கள். இரண்டாம் வாரம் மைதாவால் செய்த ரொட்டி சானாய், மீ ஆகியவற்றைக் குறையுங்கள். மூன்றாம் வாரம் சோற்றைப் பாதியாக்குங்கள். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வாழையிலையில் இரண்டு கப் சாப்பிட்டவர் ஒரு கப்புக்கு வந்தாலே பெரிய மாற்றம். சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டும் இதுதான்: கால் பங்கு சோறு அல்லது வேறு தானியம், கால் பங்கு மீன், கோழி, பருப்பு, பாதிப் பங்கு காய்கறியும் பழமும். இப்படி இறங்கினால் தலைசுற்றலும் கால் பிடிப்பும் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

மாமா ஐந்து கிலோ இறங்கியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் சாப்பிடும் மருந்து வேறு, உங்கள் மருந்து வேறு. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சோற்றைக் குறைக்கும் முதல் படி அங்கே தொடங்கட்டும்.